ராயாவுக்கு நான் இருக்கிறேன்

எங்கள் பொம்பா நிலையத்துக்கு, அதாவது தீயணைப்பு நிலையத்துக்கு, வரலாறு எழுதப் போகிறார்களாம். முன் கூடத்தில் ஒரு சுவருக்குப் புதுச் சாயம் அடித்து, பழைய படங்களை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதிவைப்பார்களாம். அதற்காக மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். நிலையத்தில் அதிக வருஷம் இருப்பவன் நான் என்று யாரோ கை காட்டிவிட, ஒரு மத்தியானம் முழுக்க என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். பெரிய தீயெல்லாம் சொல்லுங்கள் என்றார். மரக்கடை எரிந்ததைச் சொன்னேன். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக் கிடங்கு மூன்று நாள் புகைந்ததைச் சொன்னேன். தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் கோபுரத்தைப் பற்றிக் கேட்டார். மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் இரும்புத் தூணை எப்போது அடைத்தார்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

எந்தப் பெருநாளுக்கு யார் நிலையத்தில் இருந்தார்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த வரலாறு அதுதான். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தீக்குப் பொது விடுமுறை கிடையாது. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் ஷிஃப்டில் தமிழர்கள் நாலு பேர், சீனர்கள் மூன்று பேர், பஞ்சாபி ஒருவர், மற்றவர்கள் மலாய்க்காரர்கள். எங்கும் எழுதாத ஒரு சட்டம் எங்களுக்குள் இருந்தது. நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு நாங்கள் டூட்டியில் இருப்போம், மலாய்க்காரர்கள் சொந்த ஊர்க் கம்பத்துக்குப் போவார்கள். தீபாவளிக்கு அவர்கள் இருப்பார்கள், நாங்கள் வீட்டுக்குப் போவோம். சீனப் பெருநாளுக்கு இரண்டு தரப்பும் சேர்ந்து சமாளிப்போம். 'ராயாவுக்கு நான் இருக்கிறேன்' என்று ஒருவன் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் கையெழுத்தெல்லாம் கேட்கமாட்டார்கள். மனைவிக்குப் பிரசவம் என்றாலும் சொன்னவன் வந்து நிற்பான்.

பிறகு ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள், மாற்றலாகிப் போனார்கள், ஒருவர் செத்தும் போனார். கடைசியில் பதினோரு பேர் ஷிஃப்டில் நான் ஒருவன்தான் தமிழன், மற்றவர்கள் எல்லாரும் மலாய்க்காரர்கள். ஒருவனை வைத்துக்கொண்டு தீயணைப்பு லோரி ஓட்ட முடியாது. ஆகவே ராயா அன்றும் மலாய்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் வேலைக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆனால் நான் இருப்பதால் கூடுதலாக ஒருவன் வீட்டுக்குப் போகலாம். அது யார் என்று நோன்பு மாதத்தில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். பெயர் விழுந்தவன் என்னிடம் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். 'அண்ணே' என்பான்.

ராயா காலையில் நிலையம் வேறு மாதிரி இருக்கும். பள்ளிவாசல் தொழுகை முடிந்ததும் டூட்டியில் இருப்பவர்களின் குடும்பங்கள் பலகாரத்தோடு வந்துவிடும். கெத்துபாட் சோறு, ரெண்டாங் கறி, குவே பலகார டப்பாக்கள். ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட பிள்ளைகள் வரிசையாக வந்து என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும். யாருக்கு விடுப்பு கிடைத்ததோ அவனுடைய அம்மா கம்பத்திலிருந்து போன் செய்து என்னிடம் பேசியே ஆகவேண்டும் என்று அடம் பிடிப்பாள். அந்த ஒரு நாளில்தான் என்னை நாலு பேர் தேடுவார்கள். அதற்காகவே நான் அந்த நாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. தியாகம் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி மகளுடைய பிரசவத்துக்கு என்று ஜொகூர் பாருவுக்குப் போனாள். மூன்று மாதம் என்று பேச்சு. இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. மூன்றாவது மாதம் முடிந்ததும் போனில் சொன்னாள்: "இங்க பிள்ளையப் பாத்துக்க ஆளில்ல. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேனே." நானும் சரி என்றேன். கொஞ்ச நாள் கொஞ்ச நாளாக நீண்டுகொண்டே போனது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. கல்யாணமானதிலிருந்து நான் ராத்திரி பகல் பாராமல் ஷிஃப்டுக்குப் போய்விடுவேன். பதினோராவது மாடி வீட்டில் அவள் ஒற்றையாக உட்கார்ந்திருப்பாள். தனிமை முதலில் அவளுடையதாகத்தான் இருந்தது. போகும்போது அதை எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

முதல் இரண்டு தீபாவளிக்கு நானும் ஜொகூர் போனேன். மாப்பிள்ளையின் சொந்தக்காரர்களால் வீடு நிரம்பியிருந்தது. கூடத்து நாற்காலியில் எனக்கு இடம். மனைவி அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். நான் டீ குடித்தேனா என்று இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் விருந்தாளியைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மாப்பிள்ளையின் அப்பா ரொம்ப மரியாதையாக, "சம்மந்தி, பஸ் எத்தன மணிக்கு?" என்றார். மூன்றாவது வருஷம் போன் செய்து, தீபாவளிக்கு டூட்டி போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பினாள். என் டூட்டியை நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணமே இருந்ததில்லை.

ஆனால் எனக்கு டூட்டி இல்லை. ராயாவுக்கு நின்றவனுக்குத் தீபாவளி ஓய்வு உண்டு. அதை மாற்ற வேண்டுமென்றால் வீட்டில் ஆள் இல்லை என்று ஷிஃப்டில் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? ஐயோ பாவம் என்பார்கள். போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் தீபாவளியே இல்லாதவனிடமிருந்து ராயாவை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு மனசு வராது. 'அண்ணே, நீங்கள் இந்த வருஷம் ஓய்வெடுங்கள்' என்பார்கள். என்னுடைய அந்த ஒரு நாளும் போய்விடும். ஆகவே ஜொகூருக்கு ஒரு பொய், நிலையத்துக்கு ஒரு பொய். நிலையத்தில், "குடும்பத்தோட ஜொகூர் போறோம்" என்று சொல்லிவிட்டு வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பேன். ஊரில் இருக்கிறேன் என்று தெரிந்தால் டூட்டி முடிந்ததும் பத்துப் பேரும் குடும்பத்தோடு தீபாவளி பார்க்க வந்து நிற்பார்கள் அல்லவா? ஐந்து தீபாவளி இப்படிப் போனது.

பொய் சொல்வது சுலபம். அதற்கு முறுக்கு கொண்டுவருவதுதான் கஷ்டம். விடுப்பு முடிந்து திரும்பும்போது வீட்டுப் பலகாரம் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று ரயிலேறி கிள்ளான் போய், அங்கே கடைத்தெருவில் ஒரு அம்மாளிடம் வாங்குவேன். வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பிரித்து, என் மனைவி விட்டுப்போன பிஸ்கட் டின்னில் அடுக்குவேன். ஒரு வருஷம் அந்த அம்மாள் கடை போடவில்லை, வேறு இடத்தில் வாங்கினேன். எங்கள் லோரி டிரைவர் இரண்டு கடி கடித்துவிட்டு, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? இந்த வருஷம் கை மாறியிருக்கே" என்றான். நாங்கள் பேசுவது மலாயில்தான். எனக்கு வரும் தமிழில் அதை எழுதுகிறேன். லேசாக முட்டிவலி என்று சொல்லிவைத்தேன். மறுவாரம் அவன் மனைவி முட்டிக்குத் தடவ ஒரு எண்ணெய் கொடுத்தனுப்பினாள். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

போன தீபாவளிக்கு நானும் சோம்பேறியாகிவிட்டேன். கிள்ளான் வரை யார் போவது என்று காலையில் கீழே இறங்கி, எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் கடையிலேயே முறுக்கு நாலு பாக்கெட் வாங்கினேன். சாப்பாட்டுக் கடையில் ஒரு பொட்டலம் சோறு. அரைக்கால் சட்டையும் காலர் கிழிந்த பனியனுமாக லிஃப்டில் ஏறினேன். கூடவே பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணும் ஐந்தாறு வயது மகளும் ஏறினார்கள். அந்தப் பெண் கையில் பலகாரத் தட்டு. நாலாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

அந்தப் பெண் அபாய மணியை அழுத்தினாள். கீழே காவலாளி பேசினான். தீபாவளி என்பதால் லிஃப்ட் கம்பெனி ஆள் லீவு, வேறு ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். குழந்தை அழ ஆரம்பித்தது.

"அங்கிள், நான் பொம்பாவுக்கு அடிக்கிறேன்" என்று அந்தப் பெண் போனை எடுத்தாள்.

இந்த வட்டாரத்துக்கு வருவது எங்கள் நிலையத்து லோரி. இன்று காலை டூட்டியில் இருப்பது என் ஷிஃப்ட். வந்தால் யார் வருவார்கள் என்று பெயர் பெயராக எனக்குத் தெரியும்.

"வேணாம்மா" என்றேன். "பொம்பாவுக்கு ஆயிரம் வேல இருக்கும். லிஃப்டுக்குள்ள காத்து வரும், ஒண்ணும் ஆகாது. அந்த ஆளே வந்துருவான் லா."

"ரெண்டு மணி நேரமாகும்னு சொல்றானே அங்கிள். பிள்ள பயப்படுது."

"பொம்பா வரவும் அதே நேரந்தான் ஆகும்."

"இல்ல அங்கிள், உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் எங்க மாமியா இதே லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க. பத்தே நிமிஷத்துல வந்துட்டாங்க. நல்ல பிள்ளைங்க."

அந்த நல்ல பிள்ளைகளில் ஒருவன் நான்தான். அவளுடைய மாமியாரின் செருப்பை எடுத்துக் கொடுத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. சீருடை இல்லாத என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ வருஷ வேலையில், பொம்பாவைக் கூப்பிடாதே என்று ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

அவள் அடித்துவிட்டாள். எட்டாவது நிமிஷம் சைரன் கேட்டது. சந்துமுனையில் திரும்பும்போது எங்கள் டிரைவர் ஹாரனை மூன்று தரம் விட்டு விட்டு அடிப்பான். அடித்தான். நான் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அப்படி நின்றால் தெரியாது என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல.

மேலே கதவைத் திறந்தார்கள். லிஃப்டின் தலைக்கும் ஐந்தாவது மாடித் தரைக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. ஷிஃப்ட் தலைவர் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதலில் குழந்தையைத் தூக்கினார். பிறகு அந்தப் பெண். பிறகு என் பக்கம் கையை நீட்டினார், கை பாதியில் நின்றது.

"அண்ணே?"

நான் பையை முதலில் மேலே கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. விலைச் சீட்டு ஒட்டிய முறுக்குப் பாக்கெட் நாலு, அதன்மேல் ஒற்றைச் சோற்றுப் பொட்டலம். அவர் பையைப் பார்த்தார், என் கிழிந்த பனியனைப் பார்த்தார், என்னைத் தூக்கிவிட்டார். அந்தப் பெண்தான் மலாயில் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அங்கிள் ரொம்பப் பயந்துவிட்டார், பொம்பாவைக் கூப்பிடவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்றாள். டிரைவர் தரையைப் பார்த்தான்.

மீட்கப்பட்டவர்களின் விவரத்தை இடத்திலேயே எழுத வேண்டும். எங்கள் வழக்கம் அது. ஷிஃப்டில் ஆகக் கடைசியாகச் சேர்ந்தவனிடம் படிவம் இருந்தது. அந்தப் பெண்ணையும் குழந்தையையும் எழுதிவிட்டு, மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தலைவரின் முகத்தைப் பார்த்தான்.

"ஆண். ஐம்பத்தெட்டு வயசு" என்று நானே சொன்னேன்.

தலைவர் மாடிப்படியில் என் வீடுவரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தேன். திரைச்சீலை மூடிய கூடம், சோபாவில் என் தலையணை, போர்வை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அக்கா?"

"ஜொகூர்ல."

"எப்ப வருவாங்க?"

பையை வாங்கிக்கொண்டேன். கீழிருந்து ரேடியோவில் அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். மறுநாள் ஷிஃப்டுக்கு முறுக்கை அதே பாக்கெட்டோடு கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். எல்லாரும் எடுத்துச் சாப்பிட்டார்கள். அக்காவின் கைப்பக்குவம் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பயந்தது நோன்பு மாதத்தில் நடந்தது. ராயா டூட்டிப் பட்டியலை ஒட்டினார்கள். ராயா அன்று என் பெயருக்கு நேரே ஓய்வு என்று இருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும், ஷிஃப்டில் எல்லாருக்கும் தெரியும். நேரே தலைவரின் அறைக்குப் போனேன். நோன்பில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தவரிடம், "யார் கேட்டா உங்ககிட்ட?" என்றேன்.

"உட்காருங்க அண்ணே."

"யார் கேட்டாங்கன்னு சொல்லுங்க."

"யாரும் கேட்கல. எங்களுக்கே வெட்கமா இருக்கு. நாங்க பொண்டாட்டி பிள்ளைங்களோட இருக்கணும்னு நீங்க இங்க காவல் இருந்தீங்க. உங்க பெருநாள் அன்னைக்கு நீங்க திரையைப் போட்டுக்கிட்டு ஒத்தையா படுத்திருக்கீங்க. இந்த ராயாவுக்கு எங்க கூட எங்க கம்பத்துக்கு வாங்க. அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறொரு வீட்டுக் கூடத்தில் வேறொரு நாற்காலி என்று தோன்றியது.

"பாஸ், நான் உங்களுக்காக இருக்கல" என்றேன். "எனக்குப் போக இடமில்ல. ராயா அன்னைக்கு இங்க என்னை நாலு பேர் தேடுறாங்க. அது ஒண்ணுதான் இருக்கு. அத எடுத்துடாதீங்க."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, ஓய்வை அடித்து, என் பெயரை மறுபடி டூட்டியில் எழுதினார்.

"தீபாவளிக்கு என்ன பண்றது?"

"அன்னைக்கும் போட்டுடுங்க."

சரி என்று தலையாட்டினார். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அறையை விட்டு வரும்போது என்னவோ போல இருந்தது. இத்தனை வருஷம் என் மனைவி என் வீட்டில் இல்லாவிட்டாலும் இந்த நிலையத்தில் பத்துப் பேரின் பேச்சில் இருந்தாள். முறுக்கு சுட்டாள், முட்டிவலியோடு இருந்தாள். இப்போது இங்கேயும் அவள் இல்லை. கதவருகே போனபோது தலைவர் பின்னாலிருந்து கேட்டார்: "நீங்க இப்படி இருக்கீங்கன்னு அக்காவுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வியை ராயா வரைக்கும் சுமந்துகொண்டு திரிந்தேன். ராயா அன்று குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் கையை ஒற்றிக்கொண்டன, எல்லாம் வழக்கம்போலத்தான். மத்தியானம் எல்லாரும் போன பிறகு நிலையம் வெறிச்சென்றாகிவிட்டது. லோரிக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து ஜொகூருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். லிஃப்டைச் சொன்னேன், கிள்ளான் முறுக்கைச் சொன்னேன், தீபாவளிக்கு டூட்டி என்று அவளிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"அப்ப அந்த அஞ்சு தீபாவளியும் வீட்டுலயேவா இருந்தீங்க?"

"ஆமா."

"டூட்டி இல்லையே. இங்க வந்திருக்கலாம்ல? ஏன் வரல?"

நாற்காலியைச் சொல்லலாம், சம்மந்தி பஸ் நேரம் கேட்டதைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"நீ வந்தா வீடு பூட்டியிருக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. தூரத்தில் பேரப்பிள்ளை ஏதோ கேட்டு நச்சரிப்பது மட்டும் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்சு இப்படி ஓர் இடத்துக்கு வரும்போதெல்லாம் நிலையத்தில் மணி அடித்துவிடும். "மணி அடிக்குது, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். மணி அடிக்காதபோதும் சில தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அவள்தான் கேட்டாள்.

"இன்னைக்கு மணி அடிக்கலையா?"

"இல்ல" என்றேன்.